அயலாரின் கதையைக் கேட்டல்: ஒரு வரலாற்று நோக்கு

ஒட்டன்சத்திரம் என்னும் ஊர்ப்பெயரில் சத்திரம் என்ற சொல் இன்றும் நிலைத்திருக்கிறது. பேருந்தும் புகைவண்டியும் வருமுன், கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் நெடுவழி சென்றவர்கள் இரவு தங்கவும் பசியாறவும் அரசர்களும் செல்வர்களும் கட்டிவைத்த அறச்சாலையே சத்திரம். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் வழியில் அமைந்த இவ்வூரைக் கடந்து, ஒவ்வோர் ஆண்டும் தைப்பூசக் காலத்தில் அடியார்கள் கூட்டங்கூட்டமாகப் பாதயாத்திரை செல்வதை இன்றும் காண்கிறோம். முன்பின் அறியாத மனிதர்கள் ஒரே கூரையின்கீழ் ஓரிரவு தங்கிச் செல்லும் ஏற்பாடு நம் முன்னோரிடம் இருந்தது என்று எண்ணும்போது உள்ளம் மகிழ்கிறது.

ஆயினும் அம்மகிழ்ச்சி நெடுநேரம் நிலைப்பதில்லை. பழைய சத்திரங்கள் பலவற்றில் ஒரு குலத்தாருக்கு மட்டுமே சோறிடப்பட்டது. தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் அவற்றின் திண்ணையிலும் ஏற இயலவில்லை. வாயிலில் வந்து நின்றவரிடம் எந்த ஊர், என்ன குலம் என்று கேட்டு விடை பெற்றதும், அவர் எங்கே அமரலாம், எங்கே உண்ணலாம் என்பது முடிவாகிவிடும். அவர் எதற்காக வீட்டை விட்டுப் புறப்பட்டார், வழியில் என்ன பட்டார், ஊரில் யாரை விட்டுவந்தார் என்று கேட்பதற்கு அதன்பின் தேவை எழவில்லை.

அயலார் ஒருவரிடம் நாம் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு. "நீர் யாரைச் சேர்ந்தவர்?" என்பது ஒன்று. "உமக்கு வாழ்வில் என்ன நேர்ந்தது?" என்பது மற்றொன்று. முதற்கேள்வி மனிதரை ஒரு கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரண்டாவது கேள்வி அவரைக் கூட்டத்திலிருந்து பிரித்து, ஒரு தனி மனிதராக நம் முன்னே நிறுத்துகிறது. நம் திண்டுக்கல் சமவெளியின் கடந்த 130 ஆண்டுக்கால வரலாற்றை நோக்கினால், முதற்கேள்வியால் விளைந்த தீமையையும் இரண்டாவது கேள்வியால் விளையக்கூடிய நன்மையையும் ஒருங்கே காணலாம். அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அருகில் வாழ்வதால் மட்டும் அறிந்துவிடுவதில்லை

தப்பெண்ணம் அறியாமையிலிருந்து பிறக்கிறது என்றும், மக்கள் ஒருவரோடொருவர் பழகினால் அது தானே மறைந்துவிடும் என்றும் பலர் கருதுகின்றனர். இக்கருத்தில் பாதி மட்டுமே உண்மை. நம் ஊரின் காந்தி காய்கறிச் சந்தையையே எடுத்துக்கொள்வோம். சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து முருங்கையும் தக்காளியும் கத்தரியும் கொண்டுவரும் உழவர், கமிஷன் மண்டிக்காரர், மூட்டை தூக்குவோர், கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிச்செல்லும் லாரி ஓட்டுநர் எனப் பல சாதியாரும் பல மொழியாரும் அங்கே நாள்தோறும் சந்திக்கின்றனர். விலையைப் பற்றியும் எடையைப் பற்றியும் ஓயாது பேசுகின்றனர். ஆனால் பத்தாண்டுகளாகத் தம் மூட்டையைச் சுமந்துவரும் மனிதருக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் விடை சொல்லத் தெரிந்தவர் சிலரே இருப்பர். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர்களிலும் மக்கள் ஒருவரையொருவர் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தனர்.

இதற்கு நம் வட்டாரத்திலேயே ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மதுரை மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில் பயிரையும் கால்நடையையும் காக்கும் காவல் பொறுப்பு கள்ளர் குலத்தாரிடம் இருந்தது. ஊரார் அதற்குக் கூலி அளந்தனர். கூலி தராத ஊர்களில் மாடு காணாமற்போவதும், துப்புக்கூலி என்று ஒரு தொகை கொடுத்தபின் அம்மாடு திரும்ப வந்து சேர்வதும் வழக்கமாயின. உழவர்களுக்கு இதில் உண்மையான துன்பம் இருந்தது, அதனை மறுப்பதற்கில்லை. 1896ஆம் ஆண்டில் திண்டுக்கல் பகுதியில், ஆயர் குலத்தைச் சேர்ந்த ஒருவரின் முயற்சியால், கள்ளர் காவலுக்கு எதிரான இயக்கம் ஒன்று எழுந்தது. ஊர்தோறும் நிதி திரட்டினர். காவற்கூலியை நிறுத்தினர். இயக்கம் பழனி, பெரியகுளம் பகுதிகளுக்கும் பரவியது. தலைமுறைகளாக வாழ்ந்துவந்த ஊர்களிலிருந்து கள்ளர் குடும்பங்கள் பல விரட்டப்பட்டன, வன்முறையும் நிகழ்ந்தது.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. விரட்டியவர்களும் விரட்டப்பட்டவர்களும் அந்நியர் அல்லர். ஒரே ஊரில் ஒரே கிணற்றடியைச் சுற்றி வாழ்ந்தவர்கள். ஆனால் அவர்களுக்கு இடையே இருந்த உறவு கூலியும் அச்சமுமாகவே இருந்தது. திருடியவர் யார், திருடாதவர் யார் என்று ஆளாளாகப் பிரித்துப் பார்க்கும் பொறுமை எவருக்கும் இல்லாதபோது, குற்றம் ஒரு குலம் முழுவதன்மேலும் ஏற்றப்பட்டது. மதுரைக்கு மேற்கே அவர்களில் ஒரு பிரிவினர் வாழ்ந்த நிலம் மழையை நம்பிய மேட்டுநிலம். 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் மேலூர்ப் பகுதியைச் செழிக்கச் செய்தபோதும் அந்த மேட்டுநிலத்துக்கு அது எட்டவில்லை. இத்தகைய செய்திகளை யாரும் கேட்டறிய முற்படவில்லை.

ஏட்டில் ஏறிய தப்பெண்ணம்

ஊரார் வாயில் இருந்த எண்ணத்தை ஆங்கில அரசு ஏட்டில் ஏற்றியது. 1906ஆம் ஆண்டில் வெளிவந்த மதுரை மாவட்டக் கையேட்டில் பிரான்சிஸ் என்னும் அதிகாரி கள்ளர்களைப் பற்றி விரிவாக எழுதினார். 1909ஆம் ஆண்டில் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன், மக்களின் மண்டையோட்டையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்து குறித்துவைத்தவர். ஆயிரக்கணக்கான மனிதர்களை அவர் அணுகினார். அவர் திரட்டிய செய்திகள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. ஆனால் அத்தொகுதிகளில் நாம் காண்பன இக்குலத்தார் இப்படி மணம் செய்வர், இப்படிப் புதைப்பர், இன்ன குணமுடையவர் என்னும் குறிப்புகளே. தன் பெயரோடும் தன் துயரோடும் பேசும் ஒரு மனிதரின் குரல் அவற்றில் கேட்பது மிக அரிது. அயலாரோடு உரையாடல் அங்கே நிகழாமல் இல்லை. கேள்வி மட்டுமே முதல்வகைக் கேள்வியாக இருந்தது.

அவ்வகைக் கேள்விக்குக் கிடைத்த விடை சட்டமாயிற்று. வடஇந்தியாவில் 1871ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகச் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. 1914ஆம் ஆண்டு முதல் மதுரைப் பகுதியில் பிரமலைக் கள்ளர்மீது அச்சட்டம் ஏவப்பட்டது. ஆடவர் கைரேகையைப் பதியவேண்டும். இரவில் காவலரின் கண்காணிப்பில் இருக்கவேண்டும். வெளியூர் செல்வதானால் ராதாரிச் சீட்டுப் பெற்றுச் செல்லவேண்டும். மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்று அழைத்தனர். பிறக்கும் குழந்தையும் சட்டத்தின் பார்வையில் குற்றவாளியின் வித்தாகவே பிறந்தது. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மேல் காவலர் துப்பாக்கியால் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. இந்திய நாடு முழுவதிலும் 1952ஆம் ஆண்டில் ஒழிந்தது. சட்டம் ஒழிந்த பின்னும் சொல் ஒழிந்துவிடவில்லை என்பதை முதியோர் அறிவர்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒதுக்கப்பட்டோர் யாவரும் பிறரை ஒதுக்காதவர்கள் என்று வரலாறு சொல்லவில்லை. தம்மைக் குற்றவாளிகள் என்று முத்திரையிட்ட கொடுமையை நினைந்து வருந்தும் ஒருவரே, தம் ஊர்ச் சேரி மக்களைப் பற்றி அதே தொனியில் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம். இது எந்த ஒரு குலத்துக்கும் உரிய குறையன்று. தமக்கு நேர்ந்ததை நினைவில் வைத்திருப்பது மட்டும் போதாது, பிறருக்கு நேர்ந்ததையும் கேட்கவேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

உட்கார்ந்து கேட்டவர்கள்

சட்டம் நீங்கிய சில ஆண்டுகளுக்குள், 1949-50ஆம் ஆண்டுகளில், பிரான்சு நாட்டைச் சேர்ந்த லூயி துய்மோன் என்னும் அறிஞர் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊரில் வந்து தங்கினார். அவர்களுடைய உறவுமுறை, திருமண முறை, குலதெய்வ வழிபாடு ஆகியவற்றைப் பொறுமையோடு கேட்டறிந்து 1957ஆம் ஆண்டில் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். காவல்துறையின் ஏட்டில் குற்றக் கும்பலாக இருந்தவர்கள், அந்நூலில் ஒழுங்கும் முறைமையும் உடைய ஒரு சமுதாயமாகத் தோன்றினர். அதுவும் குலத்தைப் பற்றிய நூலே. எனினும் குற்றம் சாட்டுவதற்காகக் கேட்பதற்கும் புரிந்துகொள்வதற்காகக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு அதில் விளங்குகிறது. பின்னாளில், தமிழ்க் குடும்பத்தில் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து, உழுதொழில் செய்யும் கள்ளர் முதியோரோடு உரையாடி, 2009ஆம் ஆண்டில் நூல் எழுதினார். 1896ஆம் ஆண்டு இயக்கத்தைப் பற்றியும் அவர் தனியே ஆய்ந்து எழுதியுள்ளார்.

ஒரு தனி மனிதரின் கதையை முழுமையாகக் கேட்டதற்குச் சிறந்த சான்று புதுச்சேரிப் பக்கத்தில் இருக்கிறது. ஜோசியான் ராசின் என்னும் பெண்மணி, அப்பகுதிச் சிற்றூர் ஒன்றின் நாட்டுப்புறப் பாடல்களைப் பதிவு செய்யும் நோக்கத்துடன் வீரம்மா என்ற பெண்ணை அணுகினார். வீரம்மா பறையர் குலத்தில் பிறந்த வேளாண் கூலி, பிள்ளைப்பேறு பார்ப்பவர், ஏராளமான பாட்டுகளை நெஞ்சில் தேக்கிவைத்திருந்தவர். பாட்டிலே தொடங்கிய பேச்சு மெல்ல மெல்ல வாழ்க்கைக் கதையாக விரிந்தது. சிறுவயதில் திருமணம், பன்னிரண்டு பிள்ளைப்பேறு, அவற்றுள் மூன்றே பிள்ளைகள் எஞ்சியமை, பண்ணை வேலை, பசி, சிரிப்பு, சாமி, பேய் என எல்லாவற்றையும் வீரம்மா சொன்னார். தம்மிலும் உயர்ந்த குலத்தவரான ஜோசியானைச் சின்னம்மா என்று உறவுமுறை சொல்லி அழைத்தார். இவ்வுரையாடல் பத்தாண்டுகள் நீடித்தது. 1995ஆம் ஆண்டில் பிரெஞ்சிலும் 1997ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலும் அது நூலாக வந்தது. ஒடுக்கப்பட்டோர் எந்நேரமும் அழுதுகொண்டிருப்பர் என்றோ எந்நேரமும் கொதித்துக்கொண்டிருப்பர் என்றோ எண்ணியிருந்த வாசகர்களுக்கு, சிரிக்கவும் கேலிபேசவும் தெரிந்த ஒரு தாயை அந்நூல் அறிமுகம் செய்தது.

நம் திருச்சபைக்குள்ளிருந்து எழுந்த குரலையும் இங்கே குறிப்பிடுதல் கடமை. விருதுநகர் மாவட்டத்துக் கத்தோலிக்கத் தலித் குடும்பத்தில் பிறந்து, கன்னியர் மடத்தில் சேர்ந்து, பின்னர் அதைவிட்டு வெளியேறிய பாமா, தம் வாழ்க்கையை எழுதி 1992ஆம் ஆண்டில் ‘கருக்கு’ என்னும் நூலாக வெளியிட்டார். இயேசு சபையாரின் மதுரை ஆய்வு மையம் ஒன்று அதனைப் பதிப்பித்தது. கோயிலிலும் பள்ளியிலும் மடத்திலும் தாம் கண்ட சாதி வேற்றுமையை அவர் தம் ஊர்ப்பேச்சிலேயே எழுதினார். அந்நூல் நம்மில் பலருக்குக் கசந்தது. ஆனால் திருமறைச் சமத்துவத்தைப் பற்றி மேடையில் கேட்ட பல சொற்பொழிவுகள் அசைக்காத உள்ளங்களை, ஒரு பெண் தனக்கு நேர்ந்ததைச் சொன்ன சொல் அசைத்தது. அவ்வாறு சொல்வதற்கு அவர் அதுவரை காத்திருக்க நேர்ந்தது ஏன் என்பது நாம் நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி.

சோதித்துக் கண்ட உண்மை

ஒருவர் கதையைக் கேட்பதால் உள்ளம் மாறும் என்பது நல்லெண்ணம் மட்டுந்தானா, சோதித்தறியத்தக்க உண்மையா என்று சிலர் வினவலாம். இந்நூற்றாண்டில் வெளிநாடுகளில் இதனைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள், அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

டென்மார்க்கில் வன்முறைக்கு எதிராகப் பணிசெய்த இளைஞர் குழு ஒன்று, ரோனி அபெர்கெல் முதலியோரின் முயற்சியால், 2000ஆம் ஆண்டில் ரோஸ்கில்தே இசைவிழாவில் புதுமையான நூலகம் ஒன்றை நடத்தியது. அங்கே நூல்களுக்குப் பதிலாக மனிதர்கள் இருந்தனர். பொதுமக்களின் வெறுப்புக்கோ அச்சத்துக்கோ ஆளான பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் அவர்கள். வந்தவர் ஒருவரை இரவல் பெற்று, எதிரே அமர்ந்து, அவர் வாழ்வைப் பற்றிக் கேட்கலாம். நான்கு நாள்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு கேட்டனர். மனித நூலகம் எனப்படும் இம்முறை பின்னர் இந்தியா உட்படப் பல நாடுகளுக்கும் பரவியது.

அளந்து பார்த்த கதை இன்னும் சுவையானது. அமெரிக்காவில் வீடுவீடாகச் சென்று மக்களோடு பேசித் தப்பெண்ணத்தைக் குறைக்கும் முயற்சியைப் பற்றி 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று, அதன் தரவுகள் நம்பத்தகாதவை என்று தெரியவந்ததால் 2015ஆம் ஆண்டில் திரும்பப் பெறப்பட்டது. அதன் குறையை வெளிப்படுத்தியவர்களுள் இருவரான டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா ஆகியோர் தாமே அச்சோதனையை மயாமி நகரில் நேர்மையாகச் செய்து 2016ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 56 பேர் 501 வாக்காளர்களின் வீடுகளுக்குச் சென்றனர். ஏறத்தாழ பத்து நிமிடம் நீடித்த உரையாடல் திருநர் மீதான வெறுப்பைக் குறைத்தது. அம்மாற்றம் குறைந்தது மூன்று மாதம் நிலைத்திருந்தது. 2020ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட பெரிய ஆய்வில் 230 பேர் 6,869 வாக்காளர்களோடு பேசினர். குறைகூறாமல் கேட்டு, இருதரப்பும் தத்தம் வாழ்வனுபவங்களைப் பரிமாறிக்கொண்ட உரையாடல்கள் குறைந்தது நான்கு மாதம் பயன் தந்தன. அனுபவப் பகிர்வை நீக்கிவிட்டு, வாதங்களை மட்டும் எடுத்துரைத்த உரையாடல்கள் எப்பயனும் தரவில்லை.

மறையுரை ஆற்றும் எம்போன்றோர் இம்முடிவை நின்று நினைக்கவேண்டும். சரியான வாதத்தைச் சரியாக எடுத்துரைத்தால் மக்கள் மாறிவிடுவர் என்று குருமடத்தில் பயின்ற நாள்முதல் நம்புகிறோம். யோவான் நற்செய்தியில் யாக்கோபின் கிணற்றருகே இயேசு சமாரியப் பெண்ணோடு பேசிய பேச்சு அவ்வாறு தொடங்கவில்லை. தமக்குத் தாகமாயிருப்பதைச் சொல்லி, அவளிடம் தண்ணீர் கேட்டுத் தொடங்குகிறது. எந்த மலையில் வழிபடுவது என்ற வாதத்துக்கு அவர்கள் வந்து சேர்வது, அவளுடைய வாழ்வைப் பற்றிப் பேசிய பிறகே.

பயன்தரும் உரையாடலின் நிபந்தனைகள்

எல்லாச் சந்திப்பும் நன்மை தரும் என்று சொல்வதற்கில்லை. 1954ஆம் ஆண்டில் கார்டன் ஆல்போர்ட் என்னும் உளவியலறிஞர் தப்பெண்ணத்தின் இயல்பைப் பற்றி எழுதிய நூலில், சந்திப்போர் சமநிலையில் இருத்தல், பொதுநோக்கம் உடைமை, அதற்காக ஒத்துழைத்தல், அதிகாரத்தில் உள்ளோரின் ஆதரவு ஆகிய நான்கையும் நிபந்தனைகளாகக் கூறினார். 2006ஆம் ஆண்டில் பெட்டிகுரு, டிராப் ஆகிய இருவர் 515 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்து, சந்திப்பு பொதுவாகத் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்றும், இந்நிபந்தனைகள் அமையும்போது பயன் மிகுகிறது என்றும் கண்டனர். உத்தரப் பிரதேசத்தில் பல சாதிகளையும் சேர்ந்த 1,261 இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் ஆட்டங்கள் நடத்தி மேட் லோவ் என்னும் அறிஞர் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இங்கே நினைக்கத்தக்கது. ஒரே அணியில் கலந்து ஆடியவர்களிடையே சாதி கடந்த நட்பு வளர்ந்தது. எதிரணியாக மோதியவர்களிடையே அது குறைந்தது.

இவற்றிலிருந்தும், மேலே கண்ட வரலாற்றிலிருந்தும் நாம் கற்றுக்கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, இருக்கை சமமாக இருக்கவேண்டும். ஒருவர் நாற்காலியிலும் மற்றவர் தரையிலும் அமர்ந்து நிகழும் பேச்சு விசாரணையாகுமே ஒழிய உரையாடலாகாது. இரண்டாவது, கேட்பவரும் தம் கதையைச் சொல்லவேண்டும். தம் துன்பத்தைச் சொல்லாமல் பிறர் துன்பத்தை மட்டும் கேட்டுக்கொள்பவர், எத்துணை நல்லெண்ணம் உடையவராயினும், குறிப்பேட்டோடு வந்த அதிகாரியைப் போலவே தோன்றுவார். மூன்றாவது, கேட்கும்போது தீர்ப்பிடலாகாது. தவறான எண்ணத்தோடு இருப்பவரும் அவ்வெண்ணத்தை அச்சமின்றிச் சொல்ல இடங்கொடுத்தால்தான் அதைத் தாமே திரும்பிப் பார்ப்பார்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உரையாடல் நீதிக்கு மாற்று ஆகாது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலில் சாதிகளைப் பிரித்து நின்ற தடுப்பு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபை அதிகாரிகளின் ஆணையால் அகற்றப்பட்டது. அதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. முதலில் எல்லாரும் பேசி மனம் ஒத்துவரட்டும், பிறகு தடுப்பை எடுக்கலாம் என்று காத்திருந்தால் அது இன்றும் அங்கே நின்றிருக்கக்கூடும். கூலியும் நிலமும் கல்லறைத் தோட்டமும் சமமாகாத இடத்தில், வாருங்கள் மனம்விட்டுப் பேசுவோம் என்று அழைப்பது ஒடுக்கப்பட்டோருக்குக் கேலியாகவே தோன்றும். அவர்கள் ஒவ்வொரு முறையும் தம் புண்ணைத் திறந்து காட்டி நமக்குப் பாடம் நடத்தக் கடமைப்பட்டவர்களும் அல்லர். சட்டம் சுவரை இடிக்கும். இடிந்த சுவருக்கு அப்பால் இருப்பவரை அறிந்துகொள்ளுதல் நம் பொறுப்பு. இரண்டும் வேண்டும்.

இன்று நம் வாயிலில் நிற்போர்

நம் சமவெளிக்குப் புதிய அயலார் வந்திருக்கின்றனர். திண்டுக்கல் மாவட்டத்து நூற்பாலைகளிலும், கட்டட வேலைகளிலும், உணவகங்களிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களைச் சேர்ந்த இளைஞர்களும் இளம்பெண்களும் உழைக்கின்றனர். அவர்களை ஒரே சொல்லால் வடக்கர் என்று ஒதுக்கிப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவருகிறது. ஊரில் ஒரு திருட்டு நிகழ்ந்தால் முதலில் அவர்கள் பக்கமே விரல் நீள்கிறது. 1896ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்க் காணொளிகள் பரவியபோது, அஞ்சி ஊர் திரும்பியவர்கள் பலர். அப்பொய்யை அவர்கள் எளிதில் நம்பியதற்கு ஒரு காரணம், அது பொய் என்று அருகிலிருந்து சொல்லத்தக்க தமிழ் நண்பர் ஒருவரும் அவர்களில் பலருக்கு இல்லாமையே என்று கருதுகிறேன்.

இங்கே நாம் செய்யக்கூடியது பெரிய திட்டம் ஒன்றும் அன்று. நம் பங்குகளில் அன்பியக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. பெரும்பாலும் ஒரே தெருவார், ஒரே உறவினர் கூடுகின்றனர். ஆண்டுக்கு இருமுறையேனும் ஓர் அன்பியம் வேறொரு தெருவின் அன்பியத்தோடு அமர்ந்து, நற்செய்தி வாசகத்துக்குப் பின், தாம் முதன்முதலில் கூலிக்குச் சென்ற நாளைப் பற்றியோ, ஊரைவிட்டு வெளியேறிய நாளைப் பற்றியோ, பிறர் தம்மை இழிவாக நடத்திய நாளைப் பற்றியோ ஒவ்வொருவரும் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலை விடுதியிலிருந்து திருப்பலிக்கு வரும் ஒடிசா, ஜார்க்கண்டு இளையோர் பலர் பின்வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிச் செல்கின்றனர். அவர்களில் இருவரை ஒரு குடும்பம் மதிய உணவுக்கு அழைக்கலாம். மொழி தெரியாவிட்டாலும், பள்ளியில் இந்தியோ ஆங்கிலமோ படித்த பிள்ளை ஒருவர் இடையிலிருந்து சொல்லுவார். சந்தையிலும் ஆலையிலும் பணிசெய்யும் நம் மக்கள், நெடுநாள் முகம் அறிந்த ஒருவரிடம் விலையையும் வேலையையும் தவிர்த்து வேறொரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

தொடங்குவதற்கு முன், நாம் யாரைப் பற்றி மிக உறுதியாகப் பேசுகிறோம் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நலம். அவர்கள் இப்படித்தான் என்று நாம் எந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறோமோ, அக்கூட்டத்தைச் சேர்ந்த ஒருவருடைய வாழ்க்கைக் கதையையாவது அவர் வாயாலே முழுவதும் கேட்டிருக்கிறோமா? இல்லையெனில், அவரைத் தேடிச்சென்று கேட்பதே நாம் செய்யவேண்டிய முதல் வேலை.